இம்பீடன்ஸ் கூடியிருக்கிறதாம்

மார்ச் 3

அன்புள்ள கறாரம்மாவுக்கு,

நலம்தானே? பிரிந்து ஐந்து வருடம் கழித்து இவன் எதற்கு எழுதுகிறான் என்று முகத்தைச் சுளிக்காதே. மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் இருக்கும் உன்னைத்தான் கேட்க முடியும்.

போன வருடம் என் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். நேற்று பரிசோதனைக்குப் போனேன். கணினியைப் பார்த்த பெண், "இம்பீடன்ஸ் ரொம்ப ஏறியிருக்கு. உடனே டாக்டரைப் பாருங்க" என்றாள். கரண்டைத் தடுக்கும் நம் ரெசிஸ்டன்ஸைத்தானே அப்படிச் சொல்கிறார்கள்? பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி பழசானால் கொஞ்சம் கூடத்தானே செய்யும்? போன வாரம் ஒருமுறை தலை சுற்றியது. சாப்பிடாமல் கிளம்பியதால் இருக்கும். பள்ளி பஸ்ஸை வழக்கம்போல ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
டிரைவர்

மார்ச் 7

டிரைவர் சாருக்கு,

இரண்டும் ஒன்றில்லை. ஒரே சீராக ஓடும் மின்சாரத்துக்கு ரெசிஸ்டன்ஸ் மட்டும் பார்த்தால் போதும். ஏறி இறங்கும் மின்சாரத்துக்கு அது போதாது. இன்றுகூட ஒரு காயிலை மீட்டரில் வைத்தேன், ரெசிஸ்டன்ஸ் சொற்பம். அதே காயில் வீட்டுக் கரண்டில் பல மடங்கு தடுக்கும். மின்சாரம் மாற மாற, காயிலும் எதிர்க்கும், கெபாசிட்டர் போலச் சார்ஜ் சேரும் இடமும் எதிர்க்கும். ரெசிஸ்டன்ஸோடு இதெல்லாம் சேர்ந்ததுதான் இம்பீடன்ஸ்.

உங்கள் பேஸ்மேக்கர் அனுப்புவது விட்டு விட்டு வரும் துடிப்பு. அதனால்தான் அவர்கள் இம்பீடன்ஸ் பார்க்கிறார்கள். அது திடீரென்று ஏறினால் கம்பி பழசாகிவிட்டது என்று அர்த்தமில்லை, எங்கோ விட்டுப்போயிருக்கலாம். அப்படியானால் துடிப்பு இதயத்துக்குப் போய்ச் சேராது. அந்தத் தலைசுற்றல் பசியால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தயவுசெய்து பஸ்ஸைத் தொடாதீர்கள். எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

- நான்

மார்ச் 11

கறாரம்மா,

பயமுறுத்தாதே. லீவு விட இன்னும் ஒரு வாரம்தான். அதுவரை ஓட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்கிறேன். ஆபரேஷனுக்குச் சேரச் சொல்லிவிட்டு, "கூட யார் இருப்பாங்க?" என்று அங்கே கேட்கிறார்கள். யாரைச் சொல்வது?

உன்னிடம் மறைப்பானேன்? இன்று சிக்னலில் நிற்கும்போது கண் இருட்டிவிட்டது. "அங்கிள், பச்சை விழுந்துடுச்சு!" என்று பிள்ளைகள் கத்தித்தான் நினைவு வந்தது. நின்றிருந்த வண்டிதானே, ஒன்றும் ஆகவில்லை.

டிரைவர்

மார்ச் 13

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். படித்த கையோடு உங்கள் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டேன். "அவர் கையில சாவி கொடுக்காதீங்க. நெஞ்சில வச்ச கம்பி பழுதா இருக்கு" என்றேன். "நீங்க யாரு?" என்றார்கள். "அவர் வீட்டுக்காரி" என்றேன்.

கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை போனாலும் போகட்டும். இதைக் கூரியரில் போட்டுவிட்டு நானும் பஸ் ஏறுகிறேன். எது முதலில் வந்து சேருமோ தெரியாது. கூட இருக்க ஆள் உண்டு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் 20

அன்புள்ள உனக்கு,

தையல் ஆறிவிட்டது. காறை எலும்புக்குக் கீழே கம்பி முறிந்திருந்ததை டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டினார். புதுக் கம்பியின் இம்பீடன்ஸ் அளவெல்லாம் சரியாக இருக்கிறதாம். ஸ்டியரிங் இனி எனக்கில்லை. பள்ளியில் டயர், டீசல் கணக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வார்டில் நீ இருந்த நாளெல்லாம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன். கோபம் என்று நினைத்துத்தான் நீயும் சொல்லாமல் கிளம்பியிருப்பாய். கோபமில்லை. அந்த பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள். அதை நினைத்துக்கொண்டே உன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்கக் கிளம்புகிறேன், பயணியாக. வர வேண்டாம் என்றால் மட்டும் பதில் எழுது.

உன்
டிரைவர்