ஏறி வந்தவன் பெயர்

செப்டம்பர் 4, ஞாயிறு

காலையில் நெரேயோ வந்தான். காபி குடிக்க வந்ததாகச் சொன்னான். பொய். வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் என் நீல சைக்கிள் பிரேமைப் பார்க்கத்தான் வந்தான். கையில் கோப்பையைப் பிடித்தபடி அதன் முன்னால் நின்றவன், காபி ஆறிப்போகும் வரை அசையவில்லை. அப்புறம் திரும்பி, "கலர் நல்லா இருக்கு" என்றான்.

பழைய சைக்கிள் பிரேம் பித்துப் பிடித்த எங்கள் கூட்டத்தில் இதைவிடப் பெரிய வசை கிடையாது. வேலைப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றால்தான் பெயிண்டைப் பாராட்டுவோம்.

"உன் சிவப்பும் நல்ல கலர்தான்" என்றேன் நானும்.

என் மனைவி ஒர்னெல்லா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "ஒருத்தன் மருந்துக்கடை, ஒருத்தன் கறிக்கடை. இந்த ஊர் உயிரோட இருக்கிறதே அதிசயம்தான்."

செப்டம்பர் 7, புதன்

இதை யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்: நெரேயோவின் சிவப்பு பிரேம் அழகானது. ரொம்பவே அழகானது. குழாய்கள் சேரும் மூட்டுகளின் விளிம்பை அரத்தால் ராவி ராவி நகம்போல் மெல்லிசாக்கியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் மூட்டு எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது.

என்னுடையது வேறு ரகம். வெளிர் நீலம். ஒவ்வொரு மூட்டிலும் சின்னதாக ஒரு இலை வெட்டி, அதன் நடுவில் வெள்ளைப் பெயிண்ட். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின் நுனியில் குரோம். மாலை வெயில் அதன்மேல் விழும்போது நான் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். காய்ச்சல்காரர்கள் காத்திருக்கட்டும்.

ஒரே ஒரு சிக்கல். நான் கதவு நிலையில் குனிந்து நுழைகிறவன். நீலமோ குள்ளமான ஆளுக்காகச் செய்தது. நெரேயோ தன் கடையில் மேடைக்குப் பின்னால் பலகை போட்டு ஏறி நிற்கிறவன். சிவப்பு, நெட்டையான ஆளுக்காகச் செய்தது. இருவரும் அழகைப் பார்த்து மயங்கி வாங்கினோம், அளவைப் பார்க்கவில்லை. காலுறை வாங்கும்போதுகூட இந்த முட்டாள்தனத்தைச் செய்ய மாட்டோம். ஓட்டுவதற்கென்று ஆளுக்கொரு சாதாரண சைக்கிள் வைத்திருக்கிறோம். இவை இரண்டும் வருடக்கணக்காகச் சுவரில்தான்.

மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. மாற்றிக்கொண்டால், அவனுடையது மேல் என்று நான் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவனும் அப்படித்தான் நினைக்கிறான்.

செப்டம்பர் 11, ஞாயிறு

தலையில் இடி. மலை உச்சியில் பார் வைத்திருக்கும் ஸாயிரா புது விதி கொண்டுவந்திருக்கிறாள்.

ஒவ்வொரு அக்டோபரிலும் அவள் முற்றத்தில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே, எல்லோரும் தங்கள் பிரேமைச் சக்கரம், சீட், ஹேண்டில்பார் எல்லாம் கழற்றி வெறுமனே தொங்கவிடுவோம். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு கிண்ணம். பிடித்த கிண்ணத்தில் ஆளுக்கொரு வாதுமைக் கொட்டை. எதில் அதிகமோ, அந்த பிரேம் அடுத்த அக்டோபர் வரை கல்லாவுக்கு மேலே இருக்கும் கொக்கியில் தொங்கும். கீழே பித்தளைத் தகட்டில் பெயர். அந்தத் தகட்டில் என் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் பாக்கியில்லை.

போன வருடம் வெரோனாவிலிருந்து ஒரு வியாபாரி கார் டிக்கியில் ஒன்றைக் கொண்டுவந்து தொங்கவிட்டு, ஜெயித்துவிட்டுப் போனான். ஸாயிராவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"இனிமே ஆத்துப் பாலத்துல இருந்து இங்க வரைக்கும் ஓட்டிட்டு வரணும். வந்தப்புறம்தான் கழட்டணும். யார் எதுல ஏறி வராங்களோ, தகட்டுல அவங்க பேரு. சுவத்துல மாட்டி கும்புடுறதுக்கு நான் என்ன கோயிலா நடத்துறேன்?"

நான் நெரேயோவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் முட்டி வலித்தது.

செப்டம்பர் 24, சனி

நீலத்துக்குச் சக்கரம் மாட்டி, சீட்டை முடிந்தவரை உயர்த்தி, தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் ஹேண்டில்பாரில் முட்டுகிறது. பாதிரியார் எதிரே வந்தார். சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சர்க்கஸ்ல கரடி ஓட்டுமே, அது உன்னைவிடத் தேவலை" என்றாள் ஒர்னெல்லா.

செப்டம்பர் 29, வியாழன்

நெரேயோ கடைக்கு வந்து, வீக்கத்துக்குத் தடவும் களிம்பு கேட்டான். எந்த இடத்தில் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டான். சிவப்பின் மேல்குழாய் அவனுக்கு எந்த உயரத்தில் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய டியூபாகவே கொடுத்தேன்.

அக்டோபர் 8, சனி

மழை வர வேண்டும். இல்லையென்றால் எனக்குக் காய்ச்சலாவது வர வேண்டும்.

அக்டோபர் 9, ஞாயிறு

வரவில்லை. இரண்டும்.

இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்குள் மனசு கதையை எனக்குச் சாதகமாக மாற்றிவிடும்.

பாலத்திலிருந்து எல்லோரும் கிளம்பினார்கள். முதல் வளைவிலேயே எங்கள் இருவரையும் தவிர மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். நான் முழங்காலை இரண்டு பக்கமும் விரித்து, தவளைபோல் மிதித்துக்கொண்டிருந்தேன். நெரேயோ சீட்டில் உட்கார முடியாமல், ஒரு பக்கம் சரிந்து ஒரு பெடல், மறுபக்கம் சரிந்து மறு பெடல் என்று போய்க்கொண்டிருந்தான்.

"என்ன, ஏணி மேல நின்னு ஓட்டுறியா?" என்றேன்.

"உன் முட்டி காதுல என்னடா ரகசியம் சொல்லுது?" என்றான்.

மலைப்பாதையின் நடுவில் சின்னத் தேவாலயம், அதை ஒட்டித் தண்ணீர்க் குழாய். அங்கே இறங்கினோம். இறங்கினோம் என்பது மரியாதையான சொல். எனக்கு மூச்சே இல்லை.

"இதைப் பிடி, தண்ணி குடிச்சிக்கிறேன்" என்று சிவப்பை என் கையில் கொடுத்தான். குடித்துவிட்டு வந்து, நான் குடிப்பதற்காக நீலத்தை வாங்கிப் பிடித்தான். நான் முகம் கழுவித் திரும்பும்போது ஒருவர் கையில் மற்றவருடையது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நெரேயோ பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, எங்கோ பார்த்துக்கொண்டே, நீலத்தின் சீட்டைக் கீழே இறக்கினான். ஸ்பேனரை என்னிடம் நீட்டினான். நான் சிவப்பின் சீட்டை ஏற்றினேன்.

"கொஞ்ச தூரம்தான்" என்றான்.

"அடுத்த வளைவு வரைக்கும்" என்றேன்.

அடுத்த வளைவு வந்தது. போனது. அதற்கடுத்ததும் போனது. சிவப்பு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வேறு எப்படிச் சொல்வது? கால் முழுசாக நீண்டு மடங்கியது, முதுகு தானாகப் படிந்தது, இருபது வயது குறைந்ததுபோல் இருந்தது. முன்னால் நெரேயோ பாடிக்கொண்டே போனான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்த நாளிலிருந்து அவனைத் தெரியும், பாடி நான் கேட்டதில்லை. மகிழ்ச்சியில் இருவருக்கும் மூளை கழன்றுவிட்டது. அப்படியே பாரின் முற்றத்துக்குள் நுழைந்துவிட்டோம்.

ஸாயிரா வாசலில் சாக்பீஸோடு நின்றிருந்தாள். பலகையில் எழுதினாள்: நீலம் – நெரேயோ. சிவப்பு – உலிசே.

"ஸாயிரா, அது என்னோடது. சும்மா வழியில..."

"யார் எதுல ஏறி வந்தாங்களோ, அவங்க பேரு. நீங்களும் தலையாட்டினீங்களே, டாக்டர்."

மருந்துக்கடைக்காரனை இங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதிலும் எத்தனை மரியாதை, எத்தனை நக்கல் என்பது சொல்கிறவர் குரலைப் பொறுத்தது. இன்று முழுக்க நக்கல்.

அதோடு முடியவில்லை. கொண்டுவந்தவன்தான் அந்த பிரேமுக்காக எழுந்து நின்று பேச வேண்டும். சிவப்பை மட்டம் தட்டிவிடலாம் என்றுதான் எழுந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. விளிம்பின் மெல்லிசு, பின்குழாய்கள் சீட்டுக்கடியில் வந்து சேரும் அந்த வளைவு, பற்றவைத்த பித்தளை ஒரு இடத்திலும் பிதுங்காத சுத்தம். இத்தனை வருடம் குறை கண்டுபிடிக்கவென்று பார்த்துப் பார்த்து, அத்தனையும் மனப்பாடம் ஆகியிருக்கிறது. நெரேயோ தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். காது சிவந்திருந்தது.

அவன் எழுந்து, "இதுக்கு அடியில ஒரு இலை இருக்கு. பெடல் அச்சு போற குழாய்க்குக் கீழ, யாரும் பார்க்காத இடத்துல. செஞ்சவன் அங்கயும் ராவி வெச்சிருக்கான்" என்றான்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என் வீட்டுச் சுவரில் இருந்த பிரேம்.

"நீ எப்படா பார்த்த?"

"உங்க வீட்டு ஃபிரிட்ஜ நகர்த்தினோமே, அன்னிக்கு. கை நழுவிடுச்சுன்னு இதுக்கு நேர் கீழ தரையில படுத்தேன்ல. கை நழுவல."

அப்புறம் கொட்டை போடும் நேரம். கொண்டுவந்த பிரேமுக்குப் போடக்கூடாது. நீலத்தைக் கொண்டுவந்தது நான் இல்லையே! யாரும் பார்க்காமல் போய் நீலத்தின் கிண்ணத்தில் போட்டேன். என் பிரேம், என் கொட்டை. நெரேயோவும் அதேபோல் சிவப்பின் பக்கம் பதுங்கிப் போனதைப் பார்த்தேன்.

ஸாயிரா எண்ணினாள். நீலம் ஒரே ஒரு கொட்டையில் ஜெயித்தது.

அந்தக் கொட்டை நான் போட்டது. அதை வேறெங்காவது போட்டிருந்தால் இரண்டும் சமம். சமமானால் வயதில் மூத்தவனுக்குத்தான் தகடு. மூத்தவன் நான்.

இப்போது என் நீலம் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. கீழே தகட்டில், நெரேயோ.

அக்டோபர் 10, திங்கள்

ஒர்னெல்லா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

நவம்பர் 13, ஞாயிறு

ஊர் எழுந்திருக்கும் முன் சிவப்பை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாகப் போய்வருகிறேன். "அது கொக்கியில இருந்து இறங்குற வரைக்கும் இது உன்கிட்டயே கிடக்கட்டும்" என்று நெரேயோ சொல்லியிருக்கிறான். கிடக்கட்டும் என்றுதான் சொன்னான், ஓட்டு என்று சொல்லவில்லை. அதனால்தான் திருட்டுத்தனம். திரும்பி வந்ததும் சேற்றை ஒரு பொட்டு விடாமல் துடைத்துவிடுகிறேன்.

ஜனவரி 19, வியாழன்

பாருக்குப் போனேன். நெரேயோ ஏற்கெனவே அங்கே இருந்தான். தினமும் தன் கறிக்கடையைத் திறக்கும் முன் மேலே வந்துவிடுகிறானாம். கையில் ஆறிப்போன காபி, கண் கொக்கியில்.

"பேரு தகட்டுல இருக்கு. இன்னும் என்னவாம் இவருக்கு?" என்று ஸாயிரா என் காதில் கேட்டாள்.

எனக்கும் புரியவில்லை. அந்த இடத்தில் என் பெயர் இருந்தால் நான் வரிசையாக எல்லோருக்கும் ஒயின் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

நெரேயோ இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்க வந்தான். வாங்கினான். போகவில்லை. இருமல் மருந்து அட்டைகளையெல்லாம் படித்தான். அப்புறம் மெதுவாக,

"உலிசே, நீலம்... இறக்கத்துல வேகமா வந்தா முன்சக்கரம் நடுங்குமா?"

"ஏன்?"

"நான் அதுல மலை ஏறினதோட சரி. இறங்குறதுக்குள்ள கழட்டித் தொங்க விட்டுட்டாங்க. தினம் பார்க்குறேன். எப்படி இறங்கும்னே தெரியலடா. நீ சொல்லு."

எனக்கும் தெரியாது. அதை நான் ஒருமுறைகூட மலையிலிருந்து ஓட்டி இறங்கியதில்லை. வெயில் எந்த மணிக்கு அதன் குரோமில் விழும் என்று தெரியும். அது ஓடினால் எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிக்கிறேன்.

"தெரியல" என்றேன். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 23, வியாழன்

ஏன் எனக்குத் தூக்கம் வரவில்லை? என் சுவர் காலி என்பதாலா? கொக்கியில் இருப்பது என்னுடையது, ஊருக்கே தெரியும், வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்கிறேன். அக்டோபர் வரை இருந்தால் எனக்குத்தான் பெருமை. ஆசைப்பட்டது இதுதானே?

இதுதான். ஆனால் அந்த மனுஷன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலை கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 26, ஞாயிறு

ஏணியை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

"அக்டோபர் வரைக்கும் தொடக்கூடாது" என்று ஸாயிரா கல்லாவை விட்டு எழுந்தாள்.

"கும்புடுறதுக்குக் கோயிலா நடத்துறேன்னு கேட்டது யாரு?"

அவள் வந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

நீலத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக நெரேயோ வீட்டுக்குப் போனேன். ஏப்ரனோடு கதவைத் திறந்தான். வழியில் நன்றாக ஒரு வசனம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்:

"சக்கரம் மாட்டு. இனிமே இது உன்னோடது. சிவப்பை நான் தரமாட்டேன்."

நெரேயோ நீலத்தை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அப்புறம், "சிவப்புல செயினுக்குக் கீழ சேறு இருக்கு. துடைக்கிறவன் ஒழுங்காத் துடைக்கணும்" என்றான். எப்போதோ தெரிந்திருக்கிறது அவனுக்கு.

மார்ச் 5, ஞாயிறு

இருவரும் மேலே போய் காபி குடித்தோம், சூடாகவே. கொக்கி சும்மா இருக்கக் கூடாது என்று ஸாயிரா அதில் நெரேயோ கடைச் சலாமிக் கறி உருளையைத் தொங்கவிட்டிருக்கிறாள். கீழே அதே தகடு. வெளியூர்க்காரர்கள் பெயரைப் படித்துவிட்டு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கேட்கிறார்களாம்.

பிறகு இறங்கினோம். நெரேயோ முன்னால், நான் பின்னால். முதல் வளைவில் அவன் வலப்பக்கம் சாய்ந்தபோது நீலத்தின் இடப்பக்கம் முழுசாக வெயிலில் திரும்பியது. அந்தப் பக்கத்து இலைகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வலப்பக்கத்து இலைகளைவிடக் கொஞ்சம் சாய்வாக, அவசரமாக, கை களைத்த நேரத்தில் ராவியதுபோல். இத்தனை வருடமும் அந்தப் பக்கம் என் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

பாலத்தில் நின்று எனக்காகக் காத்திருந்தான். கண்ணில் தண்ணீர். காற்று என்றான்.

"நடுங்கல" என்றான்.