தையல் பக்கம் உள்ளே

நெய்வேலி, 25.10.64

பிலாய் மாநகரத்துச் சக்கரவர்த்தினி, சிரஞ்சீவி தனத்துக்கு, பழுப்பு நிலக்கரி சாம்ராஜ்யத்தின் முதல் ஷிப்ட் மகாராஜாவும் உன் சித்தப்பனுமான வைத்திலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வாசலில் நிற்கும் முருங்கையும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமென்று உன் கடுதாசி பார்த்து வயிறு குளிர்ந்தேன். இப்போது ஒரு கதை சொல்லப் போகிறேன். வடக்குத்து எல்லைச்சாமி மேல் ஆணையாக நடந்தது. நீ நம்ப மாட்டாய், மாப்பிள்ளை நம்ப மாட்டார், இதைக் கொண்டுவந்து தரும் தபால்காரன் உறையை மோந்து பார்த்தே நம்ப மாட்டான்.

புது வீடு கிடைத்திருக்கிறது, கூடத்துச் சுவர் வெறிச்சென்று கிடக்கிறது, புத்தக அலமாரி வைத்தால் வீடு லட்சணமாகிவிடும், என் புத்தகங்களை எல்லாம் அனுப்பிவிடுங்கள் சித்தப்பா என்று எழுதியிருந்தாய். உன் புத்தகம், உன் சுவர், நியாயந்தான். ஆனால் அவை இங்கிருந்து வர மறுக்கின்றன தனம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அலமாரி பிறந்த நாளிலிருந்து சொல்ல வேண்டும். நீ கலியாணமாகிப் போன மறு மாசம் உன் சின்னம்மா செங்கமலம் என்னைப் பிடித்துக்கொண்டாள். புள்ள புஸ்தவம் கோணியில கெடந்து மக்கறதாய்யா, அண்ணன் போனப்பறம் மூணு வயசுல அதத் தூக்கியாந்து தோள்ல போட்டுக்கினு வளத்தவன், நாலு பலவ அடிக்க மாட்டியா என்றாள். அப்போது சுரங்கத்துக்கு ஜெர்மனியிலிருந்து மெஷின்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெட்டியும் சிதம்பரம் தேர் அளவு. ஒரு பெட்டிக்குள் வழி தப்பிப்போன, பாரம் இறக்கும் இரண்டு கலாசிகள் பொங்கலுக்குத்தான் வெளியே வந்தார்கள். அந்தப் பெட்டிகளை உடைத்த பலகையில் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து நான்கு தட்டு அலமாரி அடித்தேன். வெள்ளைப் பலகை, அதில் கறுப்பு மையில் சீமை எழுத்து. ஜெர்மனி ராஜா எனக்கு அனுப்பிய பாராட்டுப் பத்திரம் என்று நம் குடியிருப்பு பிளாக் முழுக்கச் சொல்லி வைத்தேன். நம்பினவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

புத்தகம் அடுக்கியது அவள். கை மிஷினில் பிளாக் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்தவள் அல்லவா. ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் அத்தனை புத்தகமும் தைத்த பக்கம் சுவரைப் பார்க்க, தாள் விளிம்பு நம்மைப் பார்க்க நிற்கின்றன. என்னடி இது என்றால், தையல் உள்ளதான்யா இருக்கணும், சட்டயத் திருப்பிப் போட்டுக்கினு சுரங்கத்துக்குப் போவியா நீ என்றாள். சொல்லப்போனால் அழகாகத்தான் இருந்தது. சுவர் முழுக்க வெளுப்பும் பழுப்புமாக, களத்தில் கதிர்க்கட்டு அடுக்கியது போல. பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் டீச்சர் வந்து பார்த்து, என்ன செங்கமலம், புஸ்தகமெல்லாம் கோவிச்சுக்கிட்டு சுவத்தப் பாத்து ஒக்காந்திருக்கா என்று சும்மா கேட்டார். அதோடு போயிருக்கும். போக விட்டேனா நான்? மறுநாள் ஷிப்ட் பஸ்ஸில் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் புத்தகத்துக்கு ரவிக்கை தைக்கிறாள், அகராதிக்கு அளவெடுக்கப் போனாள், அது வெட்கப்பட்டுக் கீழே குதித்துவிட்டது என்று ஊதி ஊதி ஊரையே சிரிக்க வைத்தேன். மூன்றாம் நாள் கடைத்தெருவில் யாரோ அவளிடமே, எங்க வூட்டுப் புஸ்தவத்துக்கும் ஒரு ரவிக்க தச்சுத் தாயேன் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நேரே அலமாரிக்குப் போனாள். எல்லாவற்றையும் பேர் வெளியே தெரியத் திருப்பி வைத்துவிட்டாள். பாதி தலைகீழாக நின்றன. அதையும் பஸ்ஸில் சொல்லிச் சிரித்தேன்.

பேர் படிக்கத் தெரியாதவளுக்கு விளிம்புதான் அடையாளம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. எறும்பு அரித்தது, குழம்பு சிந்தியது, மழையில் உப்பியது என்று ஒவ்வொன்றையும் தெரிந்து வைத்திருந்தாள். தொட்டுப் பார்த்து, இது புள்ள எட்டாவதுல அழுதுகினே படிச்சது என்பாள். திருப்பி வைத்த பிறகு அவளுக்கு எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. கிட்டப் போவதையே விட்டுவிட்டாள். ஆடியில் ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, பதினோராம் நாள் காலையில், நீல ஓரம் போட்ட புஸ்தவத்த எடுத்தாயேன்யா, புள்ள மையக் கவுத்துட்டு வெரலால தொடச்சது, அந்த வெரல் அதுல இருக்கு என்றாள். ஓடினேன். நீல அட்டை போட்டதாக மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் வைத்தேன். அட்ட இல்லய்யா, ஓரம், நீ ஒருநாளாச்சும் பாத்திருந்தாதான தெரியும் என்று சிரித்தாள். மறுபடி ஓடினேன். ஒவ்வொன்றாக இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசித் தட்டில் கிடைத்தது, உன் ஏழாம் வகுப்புப் பூகோளம். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் துணி கட்டி மறைத்திருந்தார்கள். காரியத்துக்கு நீ வருவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி தையல் உள்ளே போகத் திருப்பி வைத்திருந்தேன், ஏன் சித்தப்பா எல்லாம் சுவத்தப் பாத்து நிக்குது என்று கேட்டாய். தூசு படாமலிருக்க என்றேன். ஆயுசில் நான் சொன்ன பொய்களிலேயே ருசி இல்லாதது அதுதான்.

இனி அந்த நம்ப முடியாத கதை. உன் கடுதாசி கண்ட அன்றே புத்தகங்களை மூட்டை கட்டினேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தால் அத்தனையும் அலமாரியில், தையல் உள்ளே, விளிம்பு வெளியே. இரண்டாம் தடவை சங்கிலி போட்டேன். அகராதி நொண்டிக்கொண்டே முன்னே போக, வாய்ப்பாடு அதன் விரலைப் பிடித்துக்கொண்டு பின்னே போனதைப் பிளாக்கே பார்த்ததாம். மூன்றாம் தடவை யானை போன்ற நம் வெல்டர் சாகுல் ஹமீதை மூட்டை மேலேயே உட்கார வைத்தேன். அவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் மேல் தட்டில் வைத்துவிட்டன.

அலமாரி இங்கே இருக்கிறவரை அவை வரப்போவதில்லை என்று தெரிந்துபோயிற்று. அதனால் நேற்று அலமாரியையே பிரித்துவிட்டேன். பெட்டியாக வந்த பலகைதானே, பெட்டியாகவே அடித்துப் புத்தகங்களை உள்ளே வைத்து ரயில் பார்சலில் போட்டாயிற்று. ஆணி ஒன்றிரண்டு கோணலாக இருக்கும். பலகைகளில் சாக்பீஸால் நம்பர் போட்டிருக்கிறேன், மாப்பிள்ளையை அந்த வரிசையில் அடிக்கச் சொல். சுவரை ஒட்டி வைக்காதே, கரையான் ஏறும், நாலு விரல் இடம் விடு. புத்தகத்தை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்று நான் சொல்ல மாட்டேன், அந்த யோக்கியதை எனக்குப் போய்விட்டது. பூகோளம் மட்டும் பெட்டியில் இராது. அதைக் கேட்காதே தாயே, அது இங்கே இருக்கட்டும்.

குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடு. பொங்கலுக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. உங்கள் மூவருக்கும் எங்கள் இருவருடைய ஆசியும், அவள் பங்கையும் நானே எழுதுகிறேன், குறைவில்லாமல் உண்டாகட்டும். கடைசியாக ஒன்று. புத்தகம் நடந்தது புளுகு, சங்கிலி புளுகு, சாகுல் ஹமீது அன்றைக்கு ஊரிலேயே இல்லை. மூன்று தடவை என்றேனே, அது மட்டும் மெய். மூன்று தடவையும் மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் திரும்ப அடுக்கியவன்,

உன் சித்தப்பன்
வைத்திலிங்கம்