உன் மாமா ஏறாத கோடு

அன்பு மகளுக்கு,

நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் நாங்கள் நலம் என்று சொல்லிவிடுகிறேன், இந்த முறை அது சம்பிரதாயம் இல்லை. அம்மா நலம், நான் நலம், எல்லாவற்றுக்கும் மேலாக உன் மாமா நலம், என்னைத் திட்டுகிற அளவுக்கு நலம். சில நாட்களாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை, ஆபீஸ் லிஃப்டில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்ததை வாட்ச்மேன் பார்த்துவிட்டார்.

சுகாதாரத் துறையில் என் வேலை உனக்குத் தெரியும், ஓபியாய்டு என்கிற அபின் வகை வலிமருந்துகளை டாக்டர்கள் எவ்வளவு எழுதுகிறார்கள், அது அளவு மிஞ்சி எத்தனை பேர் சாகிறார்கள் என்று வருஷா வருஷம் கோடு போடுவது. மாத்திரைக் கோடு இறங்கிவிட்டது என்று போன வருஷம் எங்கள் டைரக்டர் கேக் வெட்டினார். அப்படியானால் சாவுக் கோடு ஏன் ஏறுகிறது, டாக்டர்கள் மாத்திரையை விட்டுவிட்டு அதே மருந்து தடவித் தோலில் ஒட்டும் பிளாஸ்திரிக்குத் தாவிவிட்டார்கள், அதை நாம் எண்ணுவதே இல்லையே என்று கேக்கை மென்றுகொண்டே கேட்டேன். மறு வாரம் என் மேஜை ஸ்டோர் ரூம் பக்கத்துக்குப் போய்விட்டது. இதை நான் மறக்க மாட்டேன். அதைக் கேட்டு உன் மாமா எல்லார் முன்னாலும், "மச்சான் கோடு போடுவாரு, ரோடு போடமாட்டாரு" என்றானே, அதையும் மறக்க மாட்டேன். நான் சட்டைப் பையில் வைத்திருக்கும், அந்த மருந்து அளவு மிஞ்சினவர்களின் மூக்கில் அடிக்கிற முறிமருந்துக்கு அவன் வைத்த பெயர் மச்சானோட மூக்குப்பொடி.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அவனுக்கும் அந்தப் பிளாஸ்திரிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அவனைப் பார்க்கப் போனேன். சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், "பாவம், இன்னைக்குத்தான் அசந்து தூங்கறாரு" என்றாள் உன் அத்தை. எனக்கு அந்தக் குறட்டை பிடிக்கவில்லை, விட்டு விட்டு வந்தது. போர்வையை விலக்கினால் உதடு நீலம், பிளாஸ்திரியின் மேல் வெந்நீர்ப் பை. சூடு பட்டால் மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கிற ஆளா. பையைத் தூக்கி எறிந்து, பிளாஸ்திரியைப் பிய்த்து, மூக்கில் மருந்தை அடித்து, அத்தையை ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை வருஷக் கோபம், ஒன்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை. கண்ணைத் திறந்தான். "ஏன்யா மச்சான், மனுஷன் தூங்கினா உனக்குப் பொறுக்காதா?" என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு இனிமையான பேச்சை நான் கேட்டதே இல்லை.

மருந்தை மாற்றிவிட்டார்கள். பிளாஸ்திரியையும் எண்ணச் சொல்லி டைரக்டர் அறையில் வந்து தானே கத்தப்போவதாகச் சொல்கிறான், கத்துவான், அதில் அவன் கெட்டிக்காரன். நேற்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, "இந்தச் சாவுக் கோட்டுல நான் எங்க மச்சான் இருக்கேன்?" என்றான். நீ இதுல இல்லடா என்றேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தேடிக்கொண்டுதான் இருந்தான்.

நீ நீண்ட ஆயுளோடு, முதுகு வலி இல்லாமல் இரு. மாமாவுக்கு மறக்காமல் போன் செய், ஆனால் நான் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்லிவிடாதே. ரோடு விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என்றும் உன்
கோடு போடும் அப்பா