பெயர் சொல்லாத மன்னிப்பு

தம்பி,

உன் மகளின் கல்யாணத்தில், முன்வரிசையில் இருந்த என் கணவரைப் பார்த்து, "தோட்டத்து ஆக்கள் பின்னால போய் இருங்கோ" என்று சபை கேட்கச் சொன்னாய். அவர் சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தான். அதில் என்ன குறை கண்டாய்? எழுந்து பின்வரிசைக்குப் போனாரே, அந்த மனுஷன்!

இப்போது குடும்ப வாட்சப்பில், "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று போட்டிருக்கிறாய். யாருடைய மனமாவதா? யார் என்று உனக்குத் தெரியாதா?

அவர், "விடுலா, பெரிசு பண்ணாத" என்கிறார். ஆனால் நேற்று கோயில் அன்னதானத்தில் முன்னால் இடம் இருந்தும், அவராகவே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

இத்தனை வருடத்தில் அவரை நீ ஒரு தடவைகூட அத்தான் என்று கூப்பிட்டதில்லை. ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டுக்கு வா. அவர் முகத்தைப் பார்த்து, "அத்தான், நான் செய்தது பிழை" என்று சொல். முடியாவிட்டால் என் வாசலை மறந்துவிடு.

கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா வளர்த்தவள் நான். உனக்காக இன்று எழுதுகிறேன். வாசித்துப் பழகிக்கொள்.

இப்படிக்கு,
சன்னாசியின் மனைவி