மூக்கைத் தொட்டால் வேகப்பந்து

2009 ஆகஸ்ட், சனிக்கிழமை இரவு.

சிதம்பரத்தில் இன்று பெண் பிள்ளைகளின் சாஃப்ட்பால் ஃபைனல். ஐயாயிரம் பேர் கூட்டம் இருக்கும். எங்கள் கடலூர் டீமில் பந்து வீசும் பிட்சர் எந்தப் பந்து போட வேண்டும் என்று வருஷம் முழுக்க வெளியில் நின்று சைகையில் சொன்ன கோச் நான். மூக்கைத் தொட்டால் வேகப்பந்து, காதைத் தொட்டால் மெதுவான பந்து. கடலூரில் வேறு எவனுக்கும் இந்த மூளை கிடையாது.

இன்று நான் மூக்கில் கை வைத்ததுமே எதிர் டீம், "வேகமா வருதுடி!" என்று கத்தியது. அடி மேல் அடி. கடைசியில் எங்களுக்கு ஒரே ஒரு ரன்தான் அதிகம், ஜெயிக்க இன்னும் ஒரு அவுட் வேண்டும். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தி பந்தைப் பிடிக்கும் கேட்சர் என் அக்கா மகள் ஸ்டெல்லா, பதிமூன்று வயது. என்னிடம் ஓடி வந்தாள்.

"மாமா, நீங்க மூக்கத் தொட்டுக்கிட்டே இருங்க. எந்தப் பந்துன்னு நான் கீழ விரல்ல சொல்லிக்கிறேன்."

"அப்ப நான் எதுக்குடி?"

"அவுங்க உங்களத்தான பாக்குறாங்க!"

மூக்கு சிவக்கத் தொட்டேன். போனது மெதுவான பந்து. அது வந்து சேருவதற்குள் எதிர் டீம் பெண் வேகப்பந்து என்று நம்பி மட்டையை வீசி முடித்துவிட்டாள். அவுட். கப் எங்களுக்கு.

பஸ்ஸில் எல்லாரிடமும் இது என் திட்டம் என்றேன். ஸ்டெல்லா மறுக்கவில்லை, சிரித்தாள். அந்த நெருக்கடியில் எப்படித் தோன்றியது அவளுக்கு? இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. இனிமேல் பந்தை அவளே சொல்லட்டும். மூக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.