அது தூசி இல்லை, மதினி

என் ஆசை மதினிக்கு,

நல்லாயிருக்கிறீர்களா என்று கேட்டால் என் அண்ணன் திட்டுவான். இருந்தாலும் கேட்கிறேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அன்றைக்குத் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி ஷெட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். வெடிக்குத் திரி சொருகும்போது துளையை விட்டுத் தள்ளித் தள்ளிக் குத்தினீர்கள். பிறகு வாந்தி. எழுந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தீர்கள். "மருந்துத் தூசி ஏறிருச்சு, வாழைப்பழத்தக் குடுங்க" என்றார் போர்மேன். நம் ஷெட்டில் யாருக்குத் தலை சுற்றினாலும் அதுதானே வைத்தியம்? உரித்து ஊட்டியது நான்தான் மதினி. அதை எப்படி மறப்பேன்?

மறுநாள் கிளினிக்கில் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் உங்களை எழுப்ப முடியவில்லை, மதுரைக்குக் கொண்டுபோனோம். சிறுமூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்து, சிறுமூளை வீங்கி, மூச்சை நடத்துகிற இடத்தையே அழுத்திவிட்டதாம். "பக்கவாதம்னா வாய் கோணுமே, கை விழுகுமே?" என்று மதுரை டாக்டரம்மாவிடம் சண்டை போட்டேன். "இதுல தள்ளாட்டமும் வாந்தியும் மட்டும்கூட வரும்மா" என்றார்.

இப்போது சேதிக்கு வருகிறேன். உங்களோடு இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து வந்த, நம் ஷெட்டு மாரியம்மாளுக்குப் போன மாதம் வேலை நடுவில் அதே தலைசுற்றல், அதே வாந்தி. அந்த டாக்டரம்மா சொல்லித்தந்தபடி நடக்கச் சொன்னேன், சுவரைப் பிடித்தாள். என் விரலைத் தொடச் சொன்னேன், காற்றைத் தொட்டாள். போர்மேன் பழத்தோடு வந்தார்.

"செல்வி, சீசன் நேரம். செத்த நேரம் படுத்தா சரியாயிரும். லோடு நிக்கிது."

"நிக்கட்டும் அண்ணாச்சி. இவளுக்கு ஒண்ணு ஆனா நீங்களா பதில் சொல்லுவீக? வண்டியச் சொல்லுங்க."

"வாசலத் தாண்டுனா நாளைக்கு வேல கெடையாது."

மாரியம்மாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாண்டினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றார் சின்ன டாக்டர். நான் நகரவில்லை.

"நடக்க வச்சுப் பாத்துட்டு அனுப்புங்க சார். எங்க மதினிய இப்படித்தான் அனுப்புனாக."

நடக்க வைத்தார். அவர் முகம் மாறிவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் அடைப்பு தெரிந்தது. வீங்கும் என்று எதிர்பார்த்துக் கூடவே இருந்து கவனித்தார்கள். சொன்னபடியே மூன்றாம் நாள் வீங்கியது. உடனே பின்மண்டையைத் திறந்து வீக்கத்துக்கு இடம் விட்டார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். பேச்சு குழறுகிறது, ஆனாலும் என்னை ஏசுகிற அளவுக்கு வருகிறது.

போர்மேன் சொன்னபடி என் வேலை போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுப் போனால் சேர்த்துக்கொள்வார்களாம். எதற்கு மன்னிப்பு?

உங்களிடமும் கேட்கப்போவதில்லை மதினி. கேட்டால் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவீர்கள், என் ஆத்திரம் தணிந்துவிடும். அது தணியக்கூடாது.

திங்கட்கிழமை வேறு கம்பெனியில் சேர்கிறேன். அங்கே எவள் தள்ளாடினாலும் வண்டி கேட்டு முதலில் கத்துவது நான்தான். விரட்டினால் அடுத்த கம்பெனியில் போய்க் கத்துவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களைக் காப்பாற்றத் தெரியாமல் போன, இனி அடங்காத,
உங்கள் நாத்தனார் செல்வி