ஐந்து எண்ணுவதற்குள் அணையும் கம்ப்யூட்டர்

அக்டோபர் 6, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி டீலர்களுக்குக் கொடுக்கப் பட்டறையில் வாங்கியது. மிஞ்சியதில் ஒன்றைக் கேட்காமல் எடுத்தேன். எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. வாயில் வராதது கையிலாவது வருகிறதா பார்க்கத்தான்.

மேகமூட்டம். சூலூர் பஸ் தாமதம்.

ஆயுத பூஜை லீவு முடிந்து பட்டறை திறப்பு. ஆபீஸ் கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு வந்தது, அணைந்துவிட்டது. மறுபடி. மறுபடி. ஏழு முறை.

நான் சேர்வதற்கு முன்பே பழசான பெட்டி. பம்ப் மோட்டாருக்கு டெஸ்ட் ரிப்போர்ட் எடுக்கும் புரோகிராம் இதில் மட்டும்தான் ஓடும். ரிப்போர்ட் இல்லாமல் லோடு கிளம்பாது.

பஸ்ஸில் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது வேறு விஷயம். பீளமேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. 13, திங்கள், சேர வேண்டும். டிகிரி ஒரிஜினலைக் காட்டினால்தான் சேர்ப்பார்கள். அந்த ஒரிஜினல் இருப்பது முதலாளி அறை பீரோவில். இங்கே வழக்கம் அப்படி. லேத் ஆட்களின் ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டுகளும் அதே பீரோவில்தான். என்னுடையதை யாரும் கேட்கக்கூட இல்லை. சேர்ந்த அன்று அப்பாவே இரண்டு கையாலும் நீட்டினார். "எங்கூட்டுல மொதல்ல படிச்ச புள்ளைங்க. ஊடு ஒழுகுதுங்க. நீங்களே பத்திரமா வெச்சுக்கங்க."

முதலாளி பத்து மணிக்கு வந்தார்.

"என்னம்மிணி, பொட்டி எந்திரிக்க மாட்டீங்குதா?"

"ஆமாங்க சார்."

"நீ பாத்துப்போடு கண்ணு. உன்னைய உட்டா இங்க யாருக்குத் தெரியும்?"

அதற்கப்புறம் எங்கே கேட்பது. கேட்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். போனில் வீடியோ பார்த்துச் செய்தவை:

- வேறு பிளக் பாயிண்ட். பலனில்லை.
- கம்ப்ரசர் காற்றால் தூசி ஊதியது. என் மூக்கெல்லாம் கரி. பலனில்லை.
- ரேமைக் கழற்றி, அழிரப்பரால் துடைத்து மாட்டியது. இல்லை.
- பிராசசர் மேலுள்ள ஃபேன். நன்றாகச் சுற்றுகிறது.

ஐந்து எண்ணுவதற்குள் அணைகிறது.

மதியம் கனகு அக்கா பக்கத்தில் வந்து நின்றார். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுபவர். கையில் டிபன் பாக்ஸ் மூடி, அதில் எனக்கு ஊறுகாய்.

"இதும் உன்னாட்டத்தான் புள்ள. எந்திரிக்கும். என்னமோ சொல்ல வந்தாப்புல இருக்கும். பொசுக்குன்னு அமுந்துக்கும்."

சிரித்தேன்.

இரண்டு தடவை முதலாளி அறை வாசல் வரை போனேன். முதல் தடவை போனில் இருந்தார். இரண்டாம் தடவை சும்மாதான் இருந்தார். "டீ சொல்லட்டுங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 8, புதன்

சர்வீஸ்காரர் வந்தார். பட்டனை இரண்டு தரம் அழுத்தினார், மூடியைக் கழற்றாமலே உதட்டைப் பிதுக்கினார்.

"போர்டு போச்சுங்க. இதுக்கு இப்ப சாமானே வர்றதில்லீங்க. புதுசு போட்டுருங்க."

"புதுசு போடலாமுங்க," என்றார் முதலாளி. "உள்ளுக்க இருக்கற புரோகிராமு?"

"யாராச்சும் உக்காந்து மொதல்ல இருந்து ஏத்தோணுங்க. மாசக்கணக்கு வேலைங்க."

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். பாசமாகத்தான் பார்த்தார். "அம்மிணி இருக்குதில்ல. பொங்கலானாலும் பொறுமையா ஏத்திப்போடும்."

பொங்கல்.

திட்டுகிறவராக இருந்தால் சுலபம். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது பத்து நாள் லீவு கொடுத்து, ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தவர்.

வீட்டில் அம்மா: "கேட்டியா?"

"நாளைக்கு."

"நாளைக்கு நாளைக்குன்னு திங்கக்கெழமையே வந்துரும். அப்பாவ வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். அப்பா வந்தால் முதலில் கும்பிடுவார். அப்புறம் முதலாளி சொல்வதற்கெல்லாம் சரிங்க என்பார்.

குடை மறந்துவிட்டேன், பஸ்ஸில்.

அக்டோபர் 9, வியாழன்

காலையிலேயே தூறல். சீக்கிரம் போய்விட்டேன். குடையில்லாமல் நனைந்து.

கணக்கு ஒன்று இடித்தது. சூட்டால் அணைகிறதென்றால், காலையில் குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் அதிகம் தாங்க வேண்டும். தாங்கவில்லை. பத்து முறை போட்டு எண்ணினேன். பத்து முறையும் ஐந்துக்குள். கெட்டுப்போனது இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளுமா?

காலேஜ் லேப் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டால் பட்டனை விடாமல் அழுத்திப் பிடிப்போம். ஐந்து எண்ணுவதற்குள் அணையும்.

யாரோ விடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்.

குனிந்து பார்த்தேன். பட்டனைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு. சந்தனம். காய்ந்து இறுகியிருந்தது. அழுத்தினால் உள்ளே போகிறது, உடனே வெளியே வருவதில்லை. பெட்டி அணைந்துபோன பிறகு மெதுவாக வருகிறது.

வைத்தது நான். பூஜையன்று எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். இந்தப் பெட்டியில் நெற்றி எது என்று தேடி, வட்டமாக இருந்ததால் பட்டன் மேலேயே வைத்தேன். "தாராளமா வெய்யி கண்ணு, சோறு போடற சாமானு," என்றார் முதலாளி. தாராளமாக வைத்தேன்.

நிச்சயப்படுத்த, பட்டனிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு மெல்லிய ஒயரை உருவிவிட்டு, அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். ஓடியது. ஐந்து, ஆறு, இருபது. திரை வந்தது. எல்லாம் இருக்கிறது.

அணைத்துவிட்டேன். ஒயரை மாட்டி, மூடியைப் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஏன் அணைத்தேன் என்று சாயங்காலம் வரை யோசனை. சரியாகவில்லை என்றால் பொங்கல் வரை நான். சரியாகிவிட்டால், உன்னைய உட்டா யாருக்குத் தெரியும். இரண்டிலும் நான் இதே நாற்காலியில்.

அக்டோபர் 10, வெள்ளி

தூக்கம் சரியில்லை. பழைய பல் பிரஷ், வெந்நீர், துணி. பட்டனைக் கழற்றிக் கழுவி, காயவைத்து மாட்டினேன். பதினோரு மணிக்கு முதல் ரிப்போர்ட் பிரிண்ட்.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "சந்தனம் வெச்சது நான்தானுங்க சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். லேத் ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

கனகு அக்கா: "சாமி கும்புடச் சொன்னா, அதோட மூக்கையே அடைச்சுப்போட்டா பாரு!"

"இதுக்குத்தான் படிச்ச புள்ள ஒண்ணு வேணுங்கறது," என்றார் முதலாளி. "இனி இந்தம்மிணிய எங்கயும் உடறதா இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அக்டோபர் 11, சனி

காலையில் கனகு அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"எனக்கெதுக்கு புள்ள இதெல்லாம்? நானு எட்டாவதுகூட முடிக்கல."

"நம்பர் தெரியுமில்லீங்கக்கா. மோட்டார் நம்பரப் போடுங்க. இப்ப இத அமுத்துங்க."

முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவை தப்பு. மூன்றாம் தடவை பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. அக்கா அதன் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், ஈரப் பெயின்டைப் பிடிப்பது போல. மதியத்துக்குள் பதினொன்று எடுத்துவிட்டார். மற்றதையெல்லாம் வரிசையாக நோட்டில் எழுதி வைத்தேன். ஒன்பது பக்கம்.

மணி நாலே முக்கால். முதலாளி அறையில் டிராயர் பூட்டும் சத்தம். இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். நாளை ஞாயிறு. இங்கே எழுதிக்கொண்டு, எழுதியபடியே போய்ச் சொல்கிறேன்.

சார், எனக்குப் பீளமேட்டுல வேலை கெடைச்சிருக்குதுங்க. திங்கக்கெழமை சேரோணுங்க. பீரோவுல இருக்கற என்ற சர்டிபிகேட்ட எடுத்துக் குடுங்க சார்.